பூனையோடு வெளிநாடு போகிறீர்களா? திரும்பும் வழியை முதலில் பாருங்கள்

கேள்வி: வேலைக்காகப் பத்து மாதம் வெளிநாட்டில் தங்கப்போகிறேன். கிளம்ப இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. என்னிடம் மிட்டு என்று ஐந்து வயது ஆண் பூனை இருக்கிறான். கருத்தடை செய்தாயிற்று. போன வருடம் ரேபிஸ் ஊசி போட்டதை நோட்டில் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். மைக்ரோசிப் கிடையாது. அவனைக் கூட்டிக்கொண்டு போவது சரிதானா? ஊசி நோட்டு போதுமா? விமானத்தில் தூக்க மாத்திரை கொடுக்கலாமா? திரும்பும்போது சொந்த நாட்டுக்குத்தானே வருகிறோம், அதில் ஒன்றும் சிக்கல் இருக்காது இல்லையா? அம்மா பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். எனக்குத்தான் விட்டுப்போக மனம் வரவில்லை.

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

கடைசியில் போகிற போக்கில் கேட்டிருக்கும் கேள்வியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். சிக்கல் இருக்கும். போவதைவிடத் திரும்புவதில்தான் அதிகம் இருக்கும். உங்களுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது, உங்கள் நாடு உங்களைத் திருப்பி அனுப்பாது. மிட்டுவுக்கு அப்படி ஒரு உரிமை கிடையாது. எல்லையில் நிற்கும் அதிகாரி அவன் எங்கே பிறந்தான் என்று கேட்பதில்லை. எந்த நாட்டிலிருந்து வருகிறான், அங்கே ரேபிஸ் இருக்கிறதா, இவனுக்கு அந்த நோய் இல்லை என்பதற்குக் கையில் என்ன சான்று இருக்கிறது, இதைத்தான் பார்ப்பார். பத்து மாதம் வெளியே இருந்துவிட்டு வரும் பூனை அவர் கணக்கில் வெளிநாட்டுப் பூனைதான்.

ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பூனையாக இருந்தாலும், பெரும்பாலான நாடுகளிலிருந்து திரும்பும்போது இறக்குமதி அனுமதி வாங்கி, மெல்பர்ன் அருகே மிக்கில்ஹமில் உள்ள அரசுத் தனிமைப்படுத்தும் நிலையத்தில் குறைந்தது 10 நாள் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். பிரிட்டனில் வேறு மாதிரி. அங்கிருந்து கிளம்பும்போது சில விமான நிறுவனங்கள் பூனையை உங்கள் காலடியில் வைத்துக் கொண்டுபோக விடும். திரும்பி விமானத்தில் வருவதென்றால் கார்கோவாகத்தான் வர வேண்டும். அதனால்தான் பலர் ஐரோப்பாவில் இறங்கி, அங்கிருந்து காரிலோ கப்பலிலோ பூனையோடு கடல் தாண்டுகிறார்கள். போன வழியிலேயே திரும்பிவிடலாம் என்று நினைத்து டிக்கெட் எடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது இந்த மாதிரி இடங்களில்தான்.

எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்கு என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் எல்லா நாட்டு விதிகளுக்கும் அடியில் இருக்கும் காரணத்தைச் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் எந்த நாட்டின் படிவத்தையும் நீங்களே படித்துக்கொள்ளலாம்.

ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் ஏறக்குறைய எந்த உயிரும் பிழைப்பதில்லை. பூனையானாலும் மனிதரானாலும் அதுதான் நிலை. அதோடு, கடிபட்ட விலங்கு பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள், எந்த அறிகுறியும் இல்லாமல் ஆரோக்கியமாகவே தெரியும். அதனால் ‘பூனை நன்றாக இருக்கிறது’ என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் ரேபிஸ் இல்லாத நாடு நம்பாது. மூன்று விஷயம் கேட்கும். இது அதே பூனைதானா? ஊசி உடம்பில் வேலை செய்திருக்கிறதா? ஊசிக்கு முன்பே கிருமி உள்ளே போயிருந்தால் அது வெளியே தெரியும் அளவுக்கு நாள் கடந்துவிட்டதா? தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சிப், ரத்தப் பரிசோதனை, காத்திருப்புக் காலம் மூன்றும் வந்தது இப்படித்தான்.

இதில் வரிசை முக்கியம். முதலில் சிப், அப்புறம் ஊசி. மிட்டுவுக்குப் போன வருடம் போட்ட ஊசி அவன் உடம்பைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் சிப் இல்லாத பூனைக்குப் போட்ட ஊசியை ஐரோப்பிய ஒன்றியமோ ஜப்பானோ கணக்கில் எடுத்துக்கொள்ளாது, ஏனென்றால் அது இந்தப் பூனைக்குத்தான் போடப்பட்டது என்பதற்குச் சான்று இல்லை. ஆகவே நோட்டு போதாது. சிப் வைத்த பிறகு, அதே நாளிலேயேகூட, மறுபடி ஊசி போட வேண்டும். ஆரோக்கியமான பூனைக்கு இன்னொரு முறை போடுவதால் கெடுதல் இல்லை.

சிப் ஐஎஸ்ஓ 11784, 11785 தரத்தில் 15 இலக்க எண்ணோடு இருக்கட்டும். வேறு வகை சிப் வைத்தால் எல்லையில் இருக்கும் கருவி படிக்காமல் போகலாம். அப்போது கருவியைக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பாகிவிடும். வைப்பதற்கு முன் ஒரு முறை, வைத்த பிறகு ஒரு முறை மருத்துவரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சிப்பில் இருப்பது வெறும் எண்தான். அந்த எண்ணோடு எந்தத் தொலைபேசி எண் பதிவாகியிருக்கிறது என்பதில்தான் அதன் பயனே இருக்கிறது. வெளிநாடு போன பிறகு வேலை செய்யும் எண் அதில் இருக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். இந்தக் கடிதத்திலேயே உங்களை அவசரப்படுத்தும் விஷயம் இதுதான். ஊசி போட்ட பிறகு ரத்தம் எடுத்து, அதில் ரேபிஸுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் அளப்பார்கள். டைட்டர் டெஸ்ட் என்பார்கள். ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் தேர்ச்சி. எல்லா நாடும் இதைக் கேட்பதில்லை. அமெரிக்க மத்திய அரசு பூனைகளுக்கு ரேபிஸ் ஊசிச் சான்றையே கட்டாயமாக்கவில்லை. மாநிலங்களும் விமான நிறுவனங்களும் கேட்கலாம், ரேபிஸ் இல்லாத ஹவாய் தனக்கென்று கடுமையான விதி வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கேட்கும். அது ஏற்றுக்கொண்ட நாடுகளின் பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து வந்தால் முதல் ஊசி போட்டு 21 நாள் ஆனால் போதும். பட்டியலில் இல்லாத நாடு என்றால், இந்தியாவும் இலங்கையும் அப்படித்தான், ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருந்து அப்புறம்தான் நுழையலாம். ஜப்பானில் சிப்புக்குப் பிறகு இரண்டு ஊசி, பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு. வந்து சேர்வதற்கு 40 நாள் முன்பே அவர்களுக்கு அறிவிப்பும் அனுப்ப வேண்டும். காத்திருக்காமல் வந்திறங்கினால் மீதி நாளை அரசின் தனிமைப்படுத்தும் இடத்தில் கழிக்க வேண்டியதுதான்.

இப்போது நான் சொல்வதை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் போகும் நாடு இந்தப் பரிசோதனையைக் கேட்காமல் இருக்கலாம். ஆனால் உங்கள் சொந்த நாடு, திரும்பும்போது கேட்குமானால், கிளம்புவதற்கு முன்பே, உங்கள் ஊரிலேயே அதை முடித்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர் பட்டியலில் இல்லாத நாட்டுக்குப் போகுமுன் பரிசோதனையில் தேறி, அதை ஒன்றியத்தின் செல்லப் பிராணி பாஸ்போர்ட்டில் பதிந்துகொண்டால், திரும்பும்போது அந்த 3 மாதக் காத்திருப்பு கிடையாது. பதியாமல் போனால் உண்டு. ஜப்பானில் வசிப்பவர்களும் அதேபோலப் புறப்படுமுன் எல்லாவற்றையும் முடித்துக்கொள்கிறார்கள். அந்த முடிவு 2 வருடம் செல்லும் என்பதால் பத்து மாதப் பயணம் அதற்குள் அடங்கிவிடும். ஒரே ரத்தத் துளிதான். அதைப் புறப்படுமுன் கொடுத்தால் வரும்போது நேரே வீடு. கொடுக்காமல் போனால், வேலை முடிந்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்த பிறகு, பூனைக்காக அந்நிய ஊரில் மாதக்கணக்கில் அறை தேட வேண்டிவரும். அந்த நிலையில் சிலர் பூனையை அங்கேயே யாரிடமாவது விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்குவதில்லை.

இரண்டரை மாதம் இதற்குப் போதும். இந்த வாரம் சிப்பும் ஊசியும். 30 நாள் கழித்து ரத்தம். புறப்படும் முன் முடிவு கைக்கு வர நேரம் இருக்கிறது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால்தான் இருக்காது.

பூஸ்டர் எனப்படும் மறு ஊசி பற்றியும் சொல்ல வேண்டும். பரிசோதனையில் ஒரு முறை தேறிய பூனைக்கு, அடுத்த ஊசியைக் கெடு முடிவதற்குள் போட்டுக்கொண்டே வந்தால் ஐரோப்பிய விதியில் மறுபடி பரிசோதனை வேண்டாம். ஒரே ஒரு நாள் தவறினாலும் அது முதல் ஊசியாகிவிடும், கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். பத்து மாதம் வெளியே இருக்கும்போது கெடு எந்தத் தேதியில் விழுகிறது என்று இப்போதே பாருங்கள். போய்ச் சேர்ந்த முதல் மாதமே அங்கே ஒரு கால்நடை மருத்துவரிடம் மிட்டுவைப் பதிந்துவிடுங்கள். திரும்பும் பயணத்துக்கான ஆரோக்கியச் சான்றிதழ் அந்த நாட்டில்தான் எடுக்க வேண்டியிருக்கும், அதில் அரசு மருத்துவரின் முத்திரை தேவைப்படும். அந்த அலுவலகம் எங்கே, எத்தனை நாளில் தருவார்கள், விடுமுறை எப்போது என்பதையெல்லாம் கடைசி வாரத்தில் விசாரிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கான சான்றிதழ் வழங்கிய நாளிலிருந்து 10 நாள்தான் நுழைவுக்குச் செல்லும். முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளவும் முடியாது.

தாள்களை நீங்களே எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். 15 இலக்க எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருப்பது, மாதமும் தேதியும் இடம் மாறியிருப்பது, ஊசி மருந்தின் பேட்ச் எண் ஒட்டாமல் விட்டது, வெள்ளை மை பூசித் திருத்தியது, இவைதான் பயணங்களைக் கவிழ்க்கின்றன. மருத்துவர் நல்லவர், அவசரத்தில் எழுதியிருப்பார். எல்லையில் அது எடுபடாது. வழியில் விமானம் மாற வேண்டியிருந்தால் அந்த இடைநாட்டின் விதியையும் பாருங்கள். சில நாடுகள் ட்ரான்சிட்டில் இருக்கும் விலங்குக்கும் தனி அனுமதி கேட்கும். கூடுதலாகச் செலவானாலும் நேர் விமானம்தான் என் சிபாரிசு.

தூக்க மாத்திரை வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. மயக்கும் மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும், மூச்சை மந்தமாக்கும், உடல் வெப்பத்தைச் சமன் செய்யும் திறனைக் கெடுக்கும். கார்கோ பகுதியில் ஏதாவது ஆனால் பார்க்க ஆள் கிடையாது. மயங்கிய விலங்கை ஏற்றவே பல விமான நிறுவனங்கள் மறுக்கும். மனிதர் சாப்பிடும் எந்த மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். மிட்டு உண்மையிலேயே மிகவும் பயப்படுகிறவன் என்றால், பதற்றத்தைத் தணிக்க கபாபென்டின் போன்ற மருந்தை மருத்துவர் எழுதித் தரக்கூடும். அதையும் வீட்டில் ஒரு சாதாரண நாளில் கொடுத்து, எப்படி இருக்கிறான் என்று பார்த்த பிறகுதான் பயணத்துக்கு. பெர்சியன் மாதிரி சப்பை மூக்குப் பூனையாக இருந்தால் மூச்சுப் பிரச்சினை காரணமாகக் கார்கோவில் அனுப்பவே நான் தயங்குவேன். நிறைய விமான நிறுவனங்களும் ஏற்பதில்லை.

மாத்திரையைவிட நிச்சயமாகப் பலன் தருவது கேரியர் பழக்கம், அதாவது பூனையைத் தூக்கிச் செல்லும் கூடைக்கு அவனைப் பழக்குவது. இன்றைக்கே கேரியரை எடுத்து, கதவைத் திறந்து, அவன் வழக்கமாகத் தூங்கும் துணியைப் போட்டு, அறை நடுவில் வையுங்கள். உள்ளே தள்ளாதீர்கள். சாப்பாட்டுத் தட்டை முதலில் பக்கத்தில் வையுங்கள், சில நாளில் வாசலில், அப்புறம் உள்ளே. தானாகப் போய்ப் படுக்க ஆரம்பித்த பிறகு ஒரு நிமிடம் கதவைச் சாத்தித் திறங்கள். பிறகு தூக்கி நடங்கள், காரில் ஒரு சுற்று போய் வாருங்கள். இரண்டரை மாதத்தில் பெரும்பாலான பூனைகள் கேரியரைத் தங்கள் இடமாக ஏற்றுக்கொள்கின்றன. விமானத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே இடம் அதுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேபினில் போவதானால் கேரியர் முன்சீட்டுக்கு அடியில் நுழைய வேண்டும். எடை வரம்பும் உண்டு, பல நிறுவனங்களில் கேரியரோடு சேர்த்து 8 கிலோ. ஒரு விமானத்தில் சில விலங்குகளுக்குத்தான் இடம் என்பதால் உங்கள் டிக்கெட்டும் அவன் இடமும் ஒன்றாகவே உறுதியாக வேண்டும். கார்கோ என்றால் உறுதியான பெட்டி. அவன் நிமிர்ந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம், நாலு பக்கமும் காற்று, மேல்மூடி பிளாஸ்டிக் கொக்கியில் தொங்காமல் உலோக போல்ட் போட்டு முடுக்கியிருக்க வேண்டும். சரக்குப் பகுதியில் காற்று இருக்காது என்று பலர் பயப்படுகிறார்கள். விலங்குகளை ஏற்றும் பகுதியில் கேபினில் உள்ள அதே காற்றழுத்தம்தான், வெப்பமும் கட்டுப்பாட்டில் இருக்கும். எனக்கு இருக்கும் பயம் விமானம் கிளம்புமுன் வெயிலில் பெட்டி தரையில் காத்திருக்கும் நேரத்தைப் பற்றி. கோடையில் இரவு விமானமாகப் பாருங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் கேரியர் எக்ஸ்ரேக்குள் போகும், பூனையை வெளியே எடுக்கச் சொல்வார்கள். பூனை கை நழுவி ஓடினால் விமான நிலையத்தில் தேடிப் பிடிப்பது பெரும் பாடு. முன்கூட்டியே ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் வார்) போட்டுப் பழக்குங்கள், அன்று வீட்டிலேயே மாட்டிவிடுங்கள். தனி அறையில் சோதிக்கக் கேளுங்கள், அநேகமாகத் தருவார்கள். கிளம்புவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பு கொஞ்சம் உணவு, தண்ணீர் கடைசி வரை. கேரியர் அடியில் உறிஞ்சும் விரிப்பு. அவன் பயன்படுத்திய மணலில் ஒரு பிடியைப் பையில் கட்டி எடுத்துப் போங்கள், புதிய வீட்டு மணலில் அதைக் கலந்தால் எங்கே போவதென்று அவனுக்கு உடனே புரியும். உணவுப் பொட்டலத்தை மட்டும் விசாரித்துவிட்டு எடுங்கள், இறைச்சி கலந்த உணவைப் பல நாடுகள் எல்லையிலேயே பறிமுதல் செய்யும்.

போய் இறங்கியதும் முழு வீட்டையும் திறந்து விடாமல் ஒரே அறையில் வையுங்கள். ஒளிந்துகொள்வான், ஒளியட்டும். ஆனால் இரண்டு விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. ஆண் பூனை 24 மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, அல்லது மணலில் உட்கார்ந்து முக்குகிறான், கத்துகிறான் என்றால் அன்றைக்கே மருத்துவர். மன அழுத்தத்தில் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொள்வது ஆண் பூனைகளில் அடிக்கடி நடப்பது, அது உயிர்போகும் ஆபத்து. இரண்டு நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை என்றாலும் அப்படியே. பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதுவும் சற்றுப் பருமனாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து நோயாகிவிடும். பத்து மாதமும் அவனை வெளியே விடாதீர்கள். தெரியாத ஊரில் பூனைக்குத் திரும்பும் வழி தெரியாது. தெருவில் ஒரு கடி பட்டாலும் திரும்பும் சான்றிதழே கேள்விக்குள்ளாகும்.

இனி உங்கள் முதல் கேள்வி, கூட்டிக்கொண்டு போகலாமா என்பது. ஒன்றிரண்டு மாதப் பயணமாக இருந்தால் யோசிக்காமல் வேண்டாம் என்றிருப்பேன். பூனைக்கு ஊர் சுற்றுவதில் சந்தோஷம் கிடையாது. பத்து மாதம் வேறு கணக்கு. போகும் நாட்டில் காத்திருப்பு 21 நாளோ அதற்குக் குறைவோ என்றால், ரத்தப் பரிசோதனையையும் முடித்துக்கொண்டு கூட்டிப் போங்கள், அவன் உங்களோடு நன்றாகவே இருப்பான். 3 மாதமோ 180 நாளோ காத்திருக்க வேண்டிய நாடு என்றால் நீங்கள் கிளம்பும் தேதிக்குள் முடியாது. அவனைப் பிறகு தனியாக வரவழைக்கலாம் என்று தோன்றும். ஆனால் பூனையும் உரிமையாளரும் சில நாள் இடைவெளிக்குள் பயணம் செய்தால்தான் பல இடங்களில் செல்லப் பிராணி விதி பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த இடைவெளி 5 நாள். அதைத் தாண்டினால் வணிக இறக்குமதி விதிகள் வந்துவிடும். 180 நாள் காத்திருந்து போய், மிச்சமிருக்கும் சில மாதத்துக்காக இரண்டு நீண்ட பயணத்தை அவன் மேல் சுமத்துவது எனக்குச் சரியாகப்படவில்லை.

அப்படியானால் அம்மாவிடம் விடுங்கள், அது அவனைக் கைவிடுவதாகாது. அவன் வீடு, அவன் ஜன்னல், அவன் மணம் எல்லாம் அப்படியே இருக்கும், ஆள் ஒருவர்தான் குறைவார். கிளம்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சாப்பாடு போடுவதையும் மணல் மாற்றுவதையும் அம்மா கைக்கு மாற்றுங்கள். சிப் அப்போதும் வேண்டும், அதில் அம்மாவின் எண்ணைப் பதியுங்கள். உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் கொடுத்துப் போங்கள்: நான் இல்லாதபோது சிகிச்சை பற்றி அம்மா முடிவெடுக்கலாம், செலவை இந்த வரை நான் ஏற்கிறேன் என்று. சிறுநீர் அடைப்பு பற்றி மேலே எழுதியதை அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் கால்நடை மருத்துவர்